ஈர உழவு

டிராக்டரின் பின் சக்கரம் மறுபடியும் வழுக்கியது. லவோன் வேகத்தைக் குறைத்து, வண்டியை ஆட்டி ஆட்டி முன்னே நகர்த்தினாள். பின்னால் திரும்பிப் பார்க்க அவளுக்கு மனசில்லை. கலப்பையின் நான்கு கொழுக்களும் களிமண்ணைப் புரட்டாமல் அறுத்துப் போட்டுக்கொண்டிருந்தன. அறுபட்ட முகமெல்லாம் எண்ணெய் தடவியதுபோல் பளபளத்தது. ஒஹாயோவின் இந்தக் களியில் வளர்ந்த யாருக்கும் அந்தப் பளபளப்பு என்னவென்று தெரியும். ஈரத்தில் உழுத களி காய்ந்தால் செங்கல்தான். அந்தக் கட்டி உதிர்ந்து மண்ணாக மூன்று வருஷமாவது ஆகும்.

தெரிந்துதான் உழுதாள்.

அக்டோபர் முழுக்க மழை. வீட்டுக்கு எதிரே சோயா அறுத்த எட்டு ஏக்கரும் ஊறிக் கிடந்தது. அந்த நிலத்தைப் பார்த்த ஜன்னலோரம் அப்பா வெர்லினின் கட்டில். எண்பத்தொரு வயது, ஈரலில் புற்று. பனி விழுவதற்குள் நிலம் கறுப்பாகப் புரண்டு கிடப்பதைப் பார்க்காமல் அவர் ஒரு குளிர்காலத்துக்குள்ளும் போனதில்லை. விடிந்ததும் அதே கேள்விதான்.

"பதம் வந்துடுச்சாம்மா?"

லவோன் போய் ஒரு பிடி மண்ணை உருட்டிப் பார்த்துவிட்டு வருவாள். "இன்னும் இல்லப்பா."

"அப்ப காத்திரு. மண்ணு எங்கயும் ஓடிடாது."

மண் ஓடாது, நீங்கள் ஓடிவிடுவீர்களே என்று நினைத்துக்கொள்வாள்.

முந்தின நாள் நர்ஸ் அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய், ஒரு நாளோ இரண்டு நாளோ என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு லவோனுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. அப்பாவுக்குக் கண் மங்கல், மருந்து மயக்கம் வேறு. கறுப்பு தெரியும், பளபளப்பு தெரியாது என்று கணக்குப் போட்டாள். காலையில் நர்ஸை அவர் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டுக் கொட்டகையைத் திறந்தாள்.

உழுது முடித்து, சேறு அப்பிய காலணிகளை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே வந்தபோது மதியம். நர்ஸ் கிளம்பினாள். லவோன் அப்பாவின் முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி வைத்தாள்.

"பாருங்கப்பா. கறுப்பாயிடுச்சு."

அவர் பார்த்தார். முகம் கொஞ்சம் மலர்ந்தது. லவோனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. அந்த நேரம் பார்த்து மேகம் விலகி வெயில் அடித்தது. எட்டு ஏக்கரும் கண்ணாடியாக மின்னியது.

"மின்னுதே," என்றார்.

அவள் அவருடைய போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"பதம் வரலியே. எவன் உழுதது?" குரலில் மருந்தும் இல்லை, மயக்கமும் இல்லை. கலப்பைக்குப் பின்னால் நடந்து வந்து திட்டும் பழைய குரல்.

ஐம்பத்திரண்டு வயதுப் பெண்மணிக்குப் பத்து வயதுப் பிள்ளையின் பயம் வந்துவிட்டது. வாய் தானாகத் திறந்தது. "டெல்மர் மாமாப்பா. உதவி பண்றேன்னு வந்தாரு."

டெல்மர் பக்கத்து நிலத்துக்காரர். பதம் பார்ப்பதில் இருவருக்கும் என்றைக்கும் வழக்குத்தான். 'வானம் வெளுத்தாப் போதும், அந்த அவசரக்குடுக்கை ஏர் பூட்டிடுவான்' என்பார் வெர்லின். 'உங்கப்பன் மண்ணை உருட்டி உருட்டியே டிசம்பர் ஆக்கிடுவான்' என்பார் டெல்மர். இப்படித் திட்டிக்கொண்டே ஒரே மேசையில் காப்பி குடிப்பார்கள். சளி பிடித்திருக்கிறது, நோயாளிக்கு ஒட்டிக்கொள்ளும் என்று பத்து நாளாக டெல்மர் வரவில்லை. அதனால் அவள் வாய்க்கு அவர் பேர் வசதியாகிவிட்டது.

"டெல்மரா?" அப்பா வெகுநேரம் வெளியே பார்த்தார். "நாப்பது வருஷம்." மூச்சு வாங்கினார். "நாப்பது வருஷம் சொல்லியும் என் மண்ணைக் கெடுத்துட்டானே. இனி அவனை என் நிலத்துல கால் வைக்க விடாதே."

"அப்பா..."

"சரின்னு சொல்லு."

"சரிப்பா."

சூப்பைச் சூடு பண்ணிக் கொண்டுவந்து, அதைக் கொடுத்துக்கொண்டே உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அடுப்படிக்குப் போனாள். அவ்வளவு நேரம்தான் அவள் விலகியிருந்தது. கிண்ணத்தோடு திரும்பியபோது அவர் கண் மூடியிருந்தது. கூப்பிட்டாள், தோளை அசைத்தாள். காதோரம் குனிந்து, "நான்தான்ப்பா, நான்தான் உழுதேன்" என்று நாலைந்து தடவை சொன்னாள். நாலு மணிக்கு மூச்சு நின்றது. கேட்டாரா, கேட்கவில்லையா என்று இனி யாரைக் கேட்பது?

அதன்பின் வீட்டில் எந்த வேலையில் கை வைத்தாலும் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் கேட்டது. கோப்பை கழுவும்போது, எவன் உழுதது. அவருடைய கறுப்புக் கோட்டைத் தேய்க்கும்போது, எவன் உழுதது. ஒருமுறை திரும்பியே பார்த்துவிட்டாள். கட்டிலில் தலையணை மட்டும் அவர் சாய்ந்த பள்ளத்தோடு இருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். பன்றிக்கறி வைத்த ரொட்டி, உருளைக்கிழங்கு, காப்பி. வந்தவர்கள் முக்கால்வாசிப்பேர் விவசாயிகள். அந்த எட்டு ஏக்கரைத் தாண்டித்தான் வந்திருந்தார்கள். உழவனுக்குக் கண் நிலத்தின்மேல் போகாமல் இருக்குமா? இருந்தாலும் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மழையைப் பற்றிக்கூட யாரும் பேசவில்லை.

டெல்மர் காப்பியோடு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். மூக்கு இன்னும் சிவந்திருந்தது.

"நிலத்தைப் பார்த்தேன். நீயா?"

"ஆமா மாமா."

"அவனுக்குக் காட்டத்தானே?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நல்ல காரியம் பண்ணினே. நாசமாத்தான் போயிருக்கு, பொய் சொல்ல மாட்டேன். ஆனா பனி உறைஞ்சு பாதி கட்டியை உடைச்சிடும். மிச்சத்தை நான் வந்து உடைச்சுத் தர்றேன். யாரும் ஒண்ணும் சொல்ல வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்." கோப்பையை மேசையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "பாழாப்போன சளி. கடைசியா ஒரு தடவை வந்து பார்த்திருக்கலாம். என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா?"

லவோன் கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள்.

"உங்க பேரைச் சொன்னாரு."

"சொன்னானா! என்னன்னு?"

"நாப்பது வருஷம்னாரு."

டெல்மர் சிரித்தார். "நாப்பத்திரெண்டு. அந்தக் கஞ்சனுக்கு ரெண்டு வருஷத்தைச் சேத்துச் சொல்ல மனசு வரலை பாரு." சிரிப்பு பாதியில் நின்றது. கைக்குட்டையை எடுத்து முகம் முழுவதையும் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. "அது போதும் பொண்ணே. எனக்கு அது போதும்."

அவள் அவருடைய முதுகைத் தடவிக்கொடுத்தாள். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொன்னால் தன் பாரம் இறங்கும், அவருக்குக் கிடைத்த ஆறுதல் போய்விடும். சொல்லவில்லை. அதற்கு இரக்கம் பாதிக் காரணம், மீதி கோழைத்தனம்.

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் காலை நிலம் நன்றாக உறைந்திருந்தது. அப்பாவின் படுக்கை விரிப்புகளை எடுக்க அந்த அறைக்குள் போனவள் ஜன்னல் வழியே பார்த்தாள். சாலையோரம் டெல்மரின் வண்டி. அவர் தடியை ஊன்றி நிலத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். பனி மண்கட்டியை உடைத்திருக்கிறதா என்று பார்க்க வந்திருக்கவேண்டும். வீட்டுப் பக்கம் திரும்பினார். ஜன்னலில் அவளைப் பார்த்துத் தடியைத் தூக்கினார், உள்ளே வரட்டுமா என்பதுபோல.

லவோன் கையைத் தூக்கி, வாங்க என்று ஆட்டினாள்.

அவர் ஒரு காலை எடுத்து உழவுக்குள் வைத்தார். அவள் கட்டிலைப் பார்க்காமல் கையை நீட்டி, ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.