முப்பது வேலி அறுத்த கலர் மெஷின்

குத்தாலத்தில் ஒரு கலர் மெஷின் முப்பது வேலி, அதாவது இருநூறு ஏக்கர் சம்பாவை அறுத்தது.

கலர் மெஷின் என்றால், குடிக்கிற கலரை ஊற்றித் தருகிற மெஷின்தான். குழாயை அழுத்தினால் ஆரஞ்சுச் சிரப்பும் சோடாவும் ஒன்றாகக் கலந்து கோப்பைக்குள் இறங்குமே, அது. அதற்கு அரிவாள் கிடையாது, பல் கிடையாது, நின்ற இடத்தைவிட்டு ஓரடி நகரவும் தெரியாது. ஆனாலும் அறுத்தது. அதை மாட்டிய மெக்கானிக் செல்லதுரையே சொல்கிறார். வேலையில் இருந்த காலத்தில் பத்து வேலி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற பிறகு கையில் நேரம் நிறைய இருந்ததால் முப்பதாகிவிட்டது.

மயிலாடுதுறைப் பக்கம் இதைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இல்லை. வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, "இருந்தாலும் கேக்க நல்லாத்தான் இருக்கு, இன்னொரு தரம் சொல்லுங்க" என்பார்கள். ஒருத்தர் மட்டும் சிரிக்கவும் மாட்டார்.

"மெஷினாவது, அறுக்கிறதாவது! அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுவார். அவர் ரெத்தினம். ஊரே நம்பாவிட்டாலும் செல்லதுரைக்குக் கவலை இல்லை. ரெத்தினம் நம்பாததுதான் தொண்டையில் மாட்டிய மீன்முள். ஏனென்றால் அன்றைக்கு மெஷினுக்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில் நின்றவரே அவர்தான்.

மாயவரம் மயிலாடுதுறை ஆன சமயம் அது. சுவரெல்லாம் உதயசூரியன், அதன்மேல் இரட்டை இலை, அதன்மேல் மறுபடியும் உதயசூரியன். சுண்ணாம்பின் கனத்திலேயே சுவர்கள் நின்றன. வயல் பக்கம் போனால் அரிவாள் படம். குத்தாலத்து மிராசுதார் துரைராசு எல்லாக் கட்சிக்காரர்களுக்கும் காப்பி கொடுப்பார், எந்தக் கட்சிக்கும் நிலத்தைக் கொடுக்கமாட்டார். ஒரே ஆளிடம் இவ்வளவுக்குமேல் நிலம் இருக்கக் கூடாது என்று உச்சவரம்புச் சட்டம் வந்தபோது அவர் ஒரு குழி நிலத்தைக்கூட இழக்கவில்லை. மைத்துனர் பேரில் கொஞ்சம், சமையற்காரர் பேரில் கொஞ்சம், காசிக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா பேரில் கொஞ்சம், இன்னும் பிறக்காத பேரன் பேரில் கொஞ்சம் என்று எழுதிவைத்துவிட்டு, "எனக்கு ஏதுங்க நிலம்? ஒரு டாக்கீஸ் இருக்கு, அதை வச்சுக் கஞ்சி குடிக்கிறேன்" என்பார். எது யார் பேரில் என்பது அவருக்கே மறந்துபோகும். மறக்காத ஆள் ஒருத்தர்தான்: அவருடைய காரியஸ்தர் ரெத்தினம்.

களத்தில் நெல் அளப்பதும் ரெத்தினம்தான். சண்டை வந்ததும் அதிலேதான்.

அறுப்புக் கூலி நெல்லாகக் கொடுப்பது. மரக்காலில் நெல்லைக் கொட்டி, ஒரு மூங்கில் கழியால் வாயை வழித்துத் தலை தட்டி அளப்பார் ரெத்தினம். கழி போகிற வேகத்தில் வாய்மட்டத்துக்கும் கீழே கொஞ்சம் பள்ளம் விழும். "தலை தட்டக் கூடாது, குமிச்சு அளக்கணும். குமிச்சு அளக்கிற வரைக்கும் அரிவாளைத் தொடமாட்டோம்" என்று சொல்லிவிட்டது ஆட்கள் சங்கம். சொன்னவள் சங்கத்துத் தலைவி காளியம்மாள். செல்லதுரையின் உடன்பிறந்த அக்காள்.

தாசில்தார் கூப்பிட்டுப் பேசினார், ஆகவில்லை. ஆர்.டி.ஓ. கூப்பிட்டார், அவருக்குத்தான் தலைவலி வந்தது. தை பிறந்துவிட்டது. கதிர் முற்றி, தலை சாய்ந்து, தரையைத் தொடுகிறது. கிழக்கே தரங்கம்பாடிக் கடல்மேல் மேகம் வேறு, எருமைக் கூட்டம்போல் வந்து நின்றுகொண்டது. ஒரு மழை அடித்தால் போதும், கதிரிலேயே நெல் முளைவிட்டுவிடும். அப்புறம் மிராசுக்கும் இல்லை, அறுக்கிறவர்களுக்கும் இல்லை. காளியம்மாள் தெருவில் வெறும் பானைக்குத்தான் மஞ்சள் கொத்துக் கட்டிப் பொங்கல் வைத்திருந்தார்கள்.

இந்த லட்சணத்தில்தான் மெட்ராஸிலிருந்து லாரியில் மெஷின் வந்து இறங்கியது. மாயவரத்து டாக்கீஸில் இல்லாத ஒன்று குத்தாலத்து டாக்கீஸில் இருக்கவேண்டும் என்று துரைராசு வரவழைத்தது. கூடவே காக்கிச் சட்டையும், பையில் ஸ்பானருமாகக் கம்பெனி மெக்கானிக் செல்லதுரை.

"யாருடா மெக்கானிக்குன்னு பாத்தா, நம்ம காளியம்மா தம்பியா!" என்றார் துரைராசு. "உங்க அக்கா அறுக்கமாட்டேங்கிறா. நீயாவது ஒழுங்கா மாட்டுவியா?"

"மாட்டிருவேங்க. இது அடங்குற மெஷினுங்க."

"அப்ப உங்க அக்காவைவிடத் தேவலை" என்றார் ரெத்தினம்.

செல்லதுரை மாட்டிய அழகை அவர் வாயால்தான் கேட்கவேண்டும். மரப்பெட்டியைப் பிரித்ததும் வைக்கோல் வாசனைக்குப் பண்ணை மாடு ஒன்று டாக்கீஸுக்குள்ளேயே வந்துவிட்டதாம். குத்தாலத்துக் கரண்டு மாலையில் அகல்விளக்குப் போல் ஆகிவிடும் என்பதால் ஸ்டெபிலைசர் வைத்தார். காவிரித் தண்ணீரில் வண்டல் வரும் என்று வடிகட்டி போட்டார். எறும்பு ஏறாமலிருக்க, மெஷினின் நாலு காலுக்கும் அடியில் கொட்டாங்கச்சியில் தண்ணீர் ஊற்றி வைத்தார். இது மெட்ராஸில் சொல்லிக்கொடுக்காத பாடம். வாயு சிலிண்டரை மாட்டி, அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்து, சோப்பு நுரை தடவிக் கசிவு இருக்கிறதா என்று சோதித்தார்.

"இதோ பாருங்க" என்று ரெத்தினத்திடம் மட்டும் விளக்கினார். "தண்ணி சில்லுன்னு இருந்தாத்தான் வாயு அதுக்குள்ள அடங்கி உக்காரும். தண்ணி சூடாச்சுன்னா நுரையாக் கிளம்பிரும். மெஷின் சூட்டை வெளிய தள்ளுறது இந்த முதுகுப்பக்கச் சல்லடை வழியாத்தான். இதை யாரும் மூடிடக் கூடாது. மூச்சு முட்டிரும்."

"நாங்க ஏண்டா அதும் முதுகைப் போயி மூடப்போறோம்?" என்றார் ரெத்தினம்.

திறப்பு விழா நோட்டீசை எழுதியதும் ரெத்தினம்தான். ‘அனைவரும் வருக! முதல் கோப்பை இலவசம்!’ அனைவரும் என்று எழுதினால் அனைவரும் வந்துவிடுவார்கள் என்பது அவருக்குத் தோன்றவில்லை. மறுநாள் காலை டாக்கீஸ் வாசலில் குத்தாலம் முழுக்க நின்றது. பாதிக்கு மேல் வேலை நிறுத்தத்தில் இருந்த ஆட்கள். முன்வரிசையில் கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு காளியம்மாள்.

"நீங்கள்லாம் எங்க வந்தீங்க?" என்றார் ரெத்தினம்.

"கலர் குடிக்கத்தான். அனைவரும் வருகன்னுதானே போட்டிருக்கீங்க? நாங்க அனைவர்ல சேர்த்தி இல்லீங்களா?"

செல்லதுரை உள்ளே போய் மெஷினைப் பார்த்தார். மெஷினுக்குப் பொட்டு வைத்திருந்தார்கள், சரி. எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள், அதுவும் சரி. ஆனால் மாலை! துரைராசு மாயவரம் பூக்கடைகளையே காலிசெய்து கொண்டுவந்த ரோஜா மாலை. ஆள் உயரம், தலையணைப் பருமன். முன்னால் போட்டால் குழாய் மறைகிறது என்று யாரோ பின்பக்கமாகத் தொங்கவிட்டிருந்தார்கள். சல்லடை கொஞ்சமும் தெரியவில்லை. மெஷின் உள்ளே பிரசவ வலி கண்ட பசுபோல் முனகிக்கொண்டிருந்தது. தொட்டால் சுட்டது.

"ஐயா, மாலையை எடுத்திரணுங்க. கொஞ்ச நேரம் ஆறட்டும்."

"திறப்பு விழாவுக்கு முந்தி மாலையைக் கழட்டுறதா? அபசகுனம் பிடிச்சவனே! ராகுகாலம் வந்துக்கிட்டிருக்கு, ஊத்துடா!"

எல்லோருக்கும் காகிதக் கோப்பை. துரைராசுக்கு மட்டும் வீட்டிலிருந்து வந்த கண்ணாடித் தம்ளர். செல்லதுரை கண்ணை மூடிக்கொண்டு குழாயை அழுத்தினார்.

தம்ளர் ஒரு நொடியில் நிரம்பியது. நிரம்பியதோடு நிற்கவில்லை, வாய்க்குமேல் நுரை எழும்பி, சிதம்பரம் கோபுரம்போல் நின்றது. கூட்டம் ஓவென்றது. துரைராசு தம்ளரைத் தலைக்குமேல் தூக்கி நாலு பக்கமும் காட்டினார்.

"பாருங்கய்யா! எப்படிக் குமிச்சுக் குடுக்குது பாருங்க!"

காட்டி முடிப்பதற்குள் கோபுரம் இடிந்தது. நுரை உஸ்ஸென்று அடங்கி, இறங்கி, இறங்கி, பாதித் தம்ளருக்கு வந்து நின்றது. கண்ணாடி என்பதால் கடைசி வரிசைக்கும் தெளிவாகத் தெரிந்தது. துரைராசு ஒரு வாய் உறிஞ்சினார். உதட்டுக்குமேல் வெள்ளை மீசை; தம்ளரில் அடிமண்டி.

"என்னடா இது? பாதிதான் இருக்கு?"

"நுரைங்க. அடங்கிருச்சு."

"அடங்குமுன்னு தெரியுதுல்ல? அப்ப மேல ஊத்து! வாய்மட்டத்தோட நிறுத்தினா குறையத்தானே செய்யும்? அடங்குற சரக்கைக் குமிச்சுத்தாண்டா குடுக்கணும்! ஊரை ஏமாத்துறியா?"

மெஷின் முனகுவது மட்டும் கேட்டது.

"ஐயா" என்றாள் காளியம்மாள். "பின்னால நிக்கிறவங்களுக்குக் காதுல விழலையாம். இன்னொரு தரம் சொல்லுங்க."

துரைராசு தம்ளரைக் கீழே இறக்கினார். வெள்ளை மீசை அப்படியே இருந்தது.

"நீங்க களத்துல அளக்கிறது பச்சை நெல்லுங்க. வீட்டுல கொண்டுபோய்க் காய வச்சா அடங்கிருது. தலை தட்டி அளந்தா எங்களுக்கும் பாதித் தம்ளருதாங்க. நாங்க கேட்டதும் இதைத்தான். ஆனா ஐயா மாதிரி இவ்வளவு நல்லாச் சொல்லத் தெரியல."

யாரோ ஒருத்தர் கிளுக்கென்று சிரித்தார். அவ்வளவுதான், மடை உடைந்தது. மிராசு ஆட்கள் சிரித்தார்கள், சங்கத்து ஆட்கள் சிரித்தார்கள், பந்தோபஸ்துக்கு வந்த போலீஸ்காரர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். கிழக்கே முதல் இடி உருண்டது. துரைராசு வானத்தைப் பார்த்தார், தம்ளரைப் பார்த்தார், தன் சொல்லை விழுங்கலாமா என்று கூட்டத்தைப் பார்த்தார். அத்தனை பேர் எதிரில் விழுங்க முடியவில்லை.

"சரி. குமிச்சே அள, ரெத்தினம்."

ரெத்தினம் மெஷினையும் காளியம்மாளையும் மாறி மாறிப் பார்த்தார். "எதைங்க? கலரையா, நெல்லையா?"

"ரெண்டையும்யா!"

அடுத்த கணம் டாக்கீஸில் ஈ காக்கை இல்லை. இலவசக் கோப்பையைக்கூட வாங்காமல் அரிவாளை எடுக்க ஓடினார்கள். செல்லதுரை மாலையைப் பிடுங்கி எறிந்தார்; மெஷின் பெருமூச்சு விட்டுக் குளிர்ந்தது. சிரப் டேங்கையும் சிலிண்டரையும் தோளில் தூக்கிக்கொண்டு வயல் வயலாகப் போய் அறுப்பவர்கள் வாயில் கலரைப் பீய்ச்சியதாகவும், அந்த ஏப்பச் சத்தத்தில் மேகம் திரும்பத் தரங்கம்பாடிக்கே ஓடியதாகவும் செல்லதுரை சொல்வார். மேகம் ஓடவில்லை, தயங்கி நின்றது என்று வைத்துக்கொள்ளலாம். கடைசிக் கட்டு களத்துக்கு வந்தபிறகுதான் மழை விழுந்தது. ரெத்தினம் மூங்கில் கழியை வேலியில் செருகிவிட்டு, கோபுரம் கோபுரமாக அளந்தார். காளியம்மாள் வீட்டில் இரண்டாம் தடவையாகப் பொங்கல் வைத்தார்கள், இந்தத் தடவை பானையில் அரிசி போட்டு.

மழை விட்டதும் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து, "அறுப்பு பலமாமே? எத்தனை வேலிங்க?" என்று கேட்டார்.

"அறுப்பா? எங்க? அப்படி ஒண்ணும் நடக்கலையே" என்றார் ரெத்தினம், இடுப்பளவு வைக்கோலில் நின்றுகொண்டு.

அன்று சொன்னதுதான். பிறகு டாக்கீஸ் கல்யாண மண்டபமாகியது. செல்லதுரை ஊர் ஊராக மெஷின் மாட்டி, அடைத்த குழாயை வெந்நீர் விட்டுக் கழுவி, எறும்போடு சண்டை போட்டு, ஓய்வும் பெற்றுவிட்டார். துரைராசு போய்ச் சேர்ந்தார். ரெத்தினத்தின் பேச்சு மட்டும் மாறவில்லை.

போன ஆவணியில் காளியம்மாளின் பேத்திக்கு அதே மண்டபத்தில் கல்யாணம். பேத்தி எஞ்சினியர். வரவேற்பில் ஓரமாக ஒரு புது கலர் மெஷின். ரெத்தினம் தடியை ஊன்றிப் போய்க் கோப்பையை நீட்டினார். ஊற்றிய பெண் நுரை வாய்மட்டத்துக்கு வந்ததும் குழாயை விட்டுவிட்டாள்.

"அடங்கிரும்மா" என்றார் ரெத்தினம், யோசிக்காமல். "குமிச்சு ஊத்து."

பின்னால் செல்லதுரை நின்றிருந்தார். காது வரைக்கும் சிரிப்பு.

"என்னண்ணே சொன்னீங்க? பின்னால நிக்கிறவங்களுக்குக் காதுல விழல."

ரெத்தினம் திரும்பிப் பார்த்தார். ஒரு வாய் உறிஞ்சி, உதட்டில் ஒட்டிய நுரை மீசையைத் துண்டால் துடைத்தார். மண்டபத்தை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வயலெல்லாம் பிளாட்டு போட்டாச்சு, இல்ல?"

"ஆச்சுண்ணே."

"தாசில்தார் ஆபீசுல இருந்து யாரும் வந்திருக்காங்களா?"

"யாரும் இல்லண்ணே. எதுக்கு?"

"எதுக்கா? ஒரே ஆளு வயல்ல முப்பது வேலி அறுத்துச்சுன்னு ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியிறியே, ஒரே ஆளுக்கு ஏது முப்பது வேலின்னு கேட்டா நான் எந்த முகத்தை வச்சுக்குவேன்? அதுக்குத்தாண்டா இத்தனை காலம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

கோப்பையைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, செல்லதுரையின் காதருகே குனிந்தார்.

"அறுத்துச்சுடா, உன் மெஷின். ஆனா முப்பது வேலிங்கிறது பொய். முப்பத்திரெண்டு."