வெறும் வயிறு

முப்பத்தொரு வருஷம் ஆபரேஷன் தியேட்டர்ல வேலை பாத்தவன் நான். முந்தின ராத்திரியிலிருந்து பேஷண்ட் வாயில ஒரு பிஸ்கட்கூடப் போகாமப் பாத்துக்கறது என் டூட்டி. தலகாணிக்கு அடியில இட்லி ஒளிச்சு வெச்ச போலீஸ் இன்ஸ்பெக்டரையே அதட்டிப் புடுங்கினவன். என்கிட்ட வந்து மிருக டாக்டர் அக்ஷதா, சின்னப் பொண்ணு, கன்னடம் கலந்து சொல்லுது: “உபவாசமெல்லாம் பேடா, வேண்டாம் அங்கிள். ஆபரேஷனுக்குக் கிளம்புற வரைக்கும் புல்லு, கீரை குடுத்துட்டே இருங்க. முயலைப் பட்டினி போடக் கூடாது.” சரிங்க மேடம்னு தலையாட்டினேன். இதுக்கென்ன தெரியும்னு மனசுக்குள்ள ஒரு இளக்காரம்.

பட்டு, என் பொண்டாட்டி மாரியம்மா வளத்த முயல். மாரியம்மா கர்ப்பப்பையில கட்டி வந்து போயிட்டா. ஒரு வருஷமா ரத்தம் போனதை அவளும் சொல்லலை, ஆஸ்பத்திரியிலயே கெடந்த எனக்கும் தெரியலை. அதுக்கப்புறம் வீட்டுல நானும் முயலும்தான். நகம் வெட்டக் கொண்டுபோனப்போ டாக்டர் சொல்லுச்சு, பெட்டை முயலுக்கு நாலு வயசு தாண்டினா கர்ப்பப்பையில புத்துநோய் வர்றது ரொம்ப சகஜமாம். முன்னாடியே எடுத்துட்டா அந்தப் பயமில்லை, எட்டு பத்து வருஷம்கூட இருக்குமாம். பட்டுக்கு மூணு முடிஞ்சிருச்சு. மறுபடியும் அதே வியாதியா? அங்கேயே ஆபரேஷனுக்கு நாள் குறிச்சிட்டு வந்தேன்.

முந்தின சாயங்காலமே கூண்டுல இருந்த புல்லு, தண்ணி எல்லாத்தையும் எடுத்துட்டேன். பட்டு கம்பியைக் கடிச்சுது. “சும்மா நடிக்காதே, உன்னை மாதிரி எத்தனை பேரைப் பாத்திருக்கேன்”னு ஒரு அதட்டு போட்டேன்.

காலையில டாக்டர் கேட்டுச்சு: “சாப்பிட்டாளா?”

“ஒரு தழைகூட இல்லீங்க மேடம், வெறும் வயிறு!” மெடல் வாங்க வந்தவனாட்டம் நின்னேன்.

அந்தப் பொண்ணு மூஞ்சி மாறிப்போச்சு. “சொன்னேனே அங்கிள்! மனுஷனுக்கு மயக்கத்துல வாந்தி வரும்னு பட்டினி போடறோம். முயலுக்கு வாந்தியே வராது. அதுக்குக் குடல் ஓடிட்டே இருக்கணும். நின்னா உயிரே போயிடும்.” வயித்துல ஸ்டெதாஸ்கோப் வெச்சு ரொம்ப நேரம் கேட்டுச்சு. “சத்தமே கம்மியா இருக்கு. இன்னிக்கு ஆபரேஷன் வேண்டாம்.”

கொத்தமல்லியை நீட்டினா பட்டு மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு. ஊசி போட்டாங்க. கூழ் கரைச்சு சிரிஞ்சுல குடுத்து, கொஞ்சம் கொஞ்சமா ஊட்டச் சொன்னாங்க. பட்டுவை மடியில வெச்சுக்கிட்டு பெஞ்சுல உக்காந்தேன். அட முட்டாப்பயலே, முட்டாப்பயலேன்னு என்னையே திட்டிக்கிட்டேன்.

மாரியம்மாவையும் நான்தான் பட்டினி போட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள், “ஒரு வாய் காப்பி குடுய்யா, நாக்கு வறளுது”ன்னு கெஞ்சினா. ரூல்ஸ் பேசினேன். அந்த ரூல்ஸ் தப்பில்லை, எனக்குத் தெரியும். காலையில தியேட்டருக்குள்ள போனவ அப்புறம் கண்ணே முழிக்கலை.

மத்தியானம் மூணு மணிக்கு என் மடியில மிளகாட்டம் நாலு புழுக்கை விழுந்துச்சு. “மேடம்!”னு கத்தினேன். ஓடி வந்து பாத்துட்டு அந்தப் பொண்ணு சிரிச்சிருச்சு. குடல் ஓட ஆரம்பிச்சிருச்சாம். எனக்கு அழுகையே வந்திருச்சு. யாருக்காவது போன் பண்ணிச் சொல்லணும்போல இருந்துச்சு. முயல் புழுக்கை போட்டுதுன்னு நான் யாருக்குச் சொல்றது?

பத்து நாள் கழிச்சு ஆபரேஷன் நடந்துச்சு. கிளம்புற வரைக்கும் கையாலேயே கீரை ஊட்டினேன். மயக்கம் தெளிஞ்ச கொஞ்ச நேரத்துலயே பட்டு கொத்தமல்லியைக் கொறிச்சுது.

வீட்டுக்குக் கொண்டுவந்து கூண்டுல விட்டுட்டுக் காப்பி போட்டேன். பழக்கத்துல ரெண்டு டம்ளர் எடுத்து வெச்சிருக்கேன். பட்டு தழையைக் கடிக்கிற சத்தத்தைத் தவிர வீட்டுல ஒரு சத்தமில்லை. ஒரு வாய் குடிச்சுட்டு டம்ளரைக் கீழே வெச்சேன்.

ஒரு வாய்தானே கேட்டே, மாரியம்மா.