ஆளில்லாத மேட்டிலிருந்து ஒரு பந்து

மின்னசோட்டா மாநிலத்து ஸ்டைன்மில் ஊரில், பேஸ்பால் அணியில் ஆடியவர்கள் இறந்த பிறகு மே மாதத்துக் கடைசி ஞாயிறு பிற்பகலில் ஒரே ஒரு பந்துக்காக மட்டும் களத்துக்கு வருகிறார்கள். கோயில் பூசை முடிந்து வரும் பாதிரியார் அந்த ஆண்டு இறந்தவரின் பெயரை வாசிப்பார். அவர் ஆடிய இடத்தைக் காலியாக விட்டு முதல் பந்தை எறிவார்கள். 1971இல் இடது ஓரத்துக்குப் பறந்த பந்து, யாருமில்லாத இடத்தில் நெஞ்சுயரத்தில் நின்று, பிறகு ஒழுங்காகத் திரும்பி வந்தது. எதிரணி முறையிட்டது. இறந்தவர் பிடித்தாலும் ஆட்டமிழப்புதான் என்று வட்டாரச் சங்கம் எழுதிக் கொடுத்தது. அந்த ஆண்டு பீர் முப்பத்தைந்து சென்ட்.

ஊர் பயந்தது ஒன்றுக்குத்தான். அந்த ஒரு பந்தின்போது உயிரோடிருப்பவன் தன் இடத்தைக் காலியாக விடக்கூடாது. 1983இல் வலது ஓரத்தில் நின்ற யூஜின் ஷ்மால்ட்ஸ், அவசரம் தாங்காமல் வேலிப் பக்கம் ஒதுங்கினான். திரும்பி வந்தபோது அவன் நின்ற புல்லில் இரண்டு காலடிகள் புதிதாக அழுந்தியிருந்தன. ஆகஸ்டில் அவனைப் புதைத்தார்கள்.

இத்தனை ஆண்டுகளில் பந்தெறிபவர் ஒருவரும் சாகவில்லை. 2013 பிப்ரவரியில் லாம்பர்ட் கோஸ் மாட்டுக் கொட்டகையில் மாரடைப்பில் விழுந்தபோதுதான், இந்த முறை காலியாகப் போவது பந்தெறியும் மேடு என்பது ஊருக்கு உறைத்தது. அதற்கு நேரெதிரே குந்தி, வரும் பந்தைப் பிடிக்க வேண்டியவன் ரோமன் டீல்.

பதினேழு ஆண்டுகளுக்கு முன் ஒரு இறுதியாட்டத்தில் ரோமன் இரண்டு விரல் காட்டினான், வளைந்து இறங்கும் பந்து கேட்டு. லாம்பர்ட் தலையை ஆட்டி மறுத்தான்; ஒரு விரலுக்குரிய நேர் வேகப்பந்தைத்தான் அவன் எறிய நினைத்தான். ரோமன் மறுபடியும் இரண்டு விரல் காட்டினான். லாம்பர்ட் எறிந்தான். எதிரணிக்காரன் அடித்த அடியில் பந்து வேலி தாண்டிச் சோளக்காட்டில் விழுந்தது. கோப்பையும் அதோடு போயிற்று. அதன்பின் இருவரும் பேசவில்லை. ஆனால் லாம்பர்ட் மதுக்கடையில் எல்லோரும் கேட்கும்படி சொன்னான்: "ஒரு நாள் அவன் சைகைக்குக் காத்திருக்காம எறிவேன். மூஞ்சில போட்டிருக்கிற இரும்புக் கூண்டோட பிடிச்சுக்கட்டும்."

ஞாயிறு காலை ரோமனின் மனைவி ஜோலீன் முட்டைத் தட்டை அவன் முன் நகர்த்தினாள்.

"வேற யாரையாவது உக்கார வையேன்."

"ஒன்பது பேர்தான் இருக்கோம். மீதிப் பேரெல்லாம் விதைப்புல."

"வயித்து வலின்னு படுத்துக்கோ."

"படுத்தா என் இடம் காலியாயிடும்."

முட்டை ஆறியது.

பிற்பகல் பெயர் வாசிக்கப்பட்டது. மேட்டில் பந்தை வைத்துவிட்டு எல்லோரும் அவரவர் இடத்துக்கு விலகினார்கள். எதிரணி மட்டையாளன் பத்தடி தள்ளி நின்றுகொண்டான்.

"பால் வண்டி ஓட்டுறவன் நான். செத்தவன் பந்தை அடிக்க எனக்கு யாரும் சம்பளம் தரல."

"சரி, அங்கேயே நில்லு," என்றார் நடுவர் டுவெய்ன். அவரும் ரோமனின் முதுகுக்குப் பின்னால் வழக்கத்தைவிடத் தாழக் குனிந்திருந்தார்.

ரோமன் குந்தினான். பந்து மேட்டிலேயே கிடந்தது. இருநூறு பேர் இருந்த இடத்தில் கொடிக்கயிறு கம்பத்தில் தட்டும் சத்தம் மட்டும் கேட்டது. ஐந்து நிமிடம் போயிற்று. அப்போதுதான் ரோமனுக்குப் புரிந்தது: லாம்பர்ட் சைகைக்குக் காத்திருக்கிறான்.

அன்று கேட்டது சரி என்றே ரோமன் பதினேழு ஆண்டுகளாக நம்பி வந்தான். அந்தப் பயத்திலும் அவன் கை இரண்டு விரலைத்தான் காட்டியது. பந்து தோளுயரத்துக்கு எழும்பி, இடமும் வலமுமாக மெல்ல இரண்டு முறை அசைந்தது.

"டேய் ரோமன், செத்தவன்கிட்டயுமா வம்பு?" என்று களத்திலிருந்து யாரோ தாழ்ந்த குரலில் கேட்டான்.

ரோமன் ஒரு விரலை மடக்கி, மற்றதை மட்டும் காட்டினான். கூண்டுக்குள் கண்களை மூடிக்கொண்டான்.

பந்து வந்ததை யாரும் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. ரோமன் கண்ணைத் திறந்தபோது பந்து அவன் கையுறைக்குள், நெஞ்சுக்கு நேராக இருந்தது; கிணற்றுக் கல்லைப் போலக் குளிர்ந்திருந்தது. ஆனால் அது இன்னும் முழுதாக அவனிடம் வந்திருக்கவில்லை. மறுபக்கம் ஒரு கை அதைப் பிடித்திருந்தது. ரோமன் இழுக்கவில்லை, விடவும் இல்லை. வெகுநேரம் அப்படியே குந்தியிருந்தான். பிறகு அந்தப் பிடி ஒவ்வொரு விரலாகத் தளர்ந்தது.

"ஸ்ட்ரைக்," என்று அதைச் செல்லும் பந்தாக அறிவித்தார் டுவெய்ன்.

உயிரோடிருந்த பந்தெறிபவன் மேடேறினான். ஸ்டைன்மில் அன்று ஆறுக்கு இரண்டு என்று தோற்றது. அணியின் குறிப்பேட்டில் முதல் பந்து லாம்பர்ட் கோஸின் பெயரில் இருக்கிறது.