இனிமே இது சொல்லும்

பழைய வேனில் ஏறினாலே மனைவி ஆரம்பித்துவிடுவாள்: "இன்ஜின் சூடாகுதுங்க, கால் கொதிக்குது." அந்தத் தொணதொணப்புக்கு ஒரு முடிவு கட்டத்தான் அவன் டெம்பரேச்சர் மீட்டர் வாங்கி, சென்சாரை இன்ஜினில் முடுக்கி, டேஷ்போர்டில் மாட்டினான்.

"இனிமே இது சொல்லும். நீ வாயை மூடிட்டு வா."

மகராசி, சொன்னபடியே மூடிக்கொண்டாள். வாரக்கணக்கில் வெயிலைப் பற்றிக்கூடப் பேச்சில்லை. மீட்டர் முள் நடுவில் ஒழுங்காக நின்றது; அவனுக்குத்தான் மூச்சு முட்டியது. மன்னிப்புக் கேட்க அந்த வறட்டு நாக்கு வளையுமா? ஒருநாள் சென்சார் ஒயரைத் தானே பிடுங்கிவிட்டு, "மீட்டர் செத்துப்போச்சு. கால் சுடுதான்னு நீயே சொல்லேன்" என்றான்.

"எனக்கென்ன தெரியும்? மெக்கானிக்கைக் கேளுங்க" என்றவள், கீழே வைக்க முடியாமல் இரண்டு காலையும் தூக்கிச் சீட்டின்மேல் மடக்கிக்கொண்டாள்.