ஆணிதான், விடுங்க

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் நீங்களாகக் கண்டுபிடித்தால் எனக்குத்தான் அவமானம்.

முதல் தொடக்கம்: 'இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வயல்களில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பனியினூடே ஓர் உருவம்...' அடித்துவிட்டேன். அன்று பனியே இல்லை. நல்ல வெயில்.

இரண்டாம் தொடக்கம்: ஹெப்வொர்த்தின் வயலில் எழுநூறு வருடத்துக்கு முன் கொல்லன் பட்டறை இருந்தது. தோண்டினால் மண்ணைவிட ஆணிதான் அதிகம். மெட்டல் டிடெக்டரோடு பழங்காசு தேடி இறங்குகிறவர்கள், ஒவ்வொரு இரும்புக்கும் மிஷின் போடும் உறுமலைத் தாங்காமல் அரை மணியில் ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார்கள். டெனிஸ் மட்டும் பதினோரு வருடமாக அங்கே நடக்கிறான்.

இது பரவாயில்லை. இருக்கட்டும்.

(டெனிஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. 'நடக்கிறார்' என்றுதான் எழுத வேண்டும். இவன் செய்யப்போகிற காரியத்துக்கு 'நடக்கிறான்' போதும்.)

2

குவெண்டா கோழிப்பண்ணை வேலையிலிருந்து ஓய்வு பெற்று, போன வருடம்தான் டிடெக்டர் கிளப்பில் சேர்ந்தார். எந்த மிஷின் வாங்கலாம் என்று சொன்னதே டெனிஸ்தான். மாதத்தின் சிறந்த கண்டெடுப்புக்குக் கிளப்பில் ஒரு கோப்பை உண்டு. குவெண்டா தொடர்ந்து மூன்று மாதம் வாங்கினார். டெனிஸ் ஒரே ஒரு முறை வாங்கியிருக்கிறான், எட்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பித்தளைக் கொக்கிக்காக.

"என்ன வாத்தியாரே, இன்னிக்கும் ஆணி வியாபாரமா?" என்றார் குவெண்டா ஒரு நாள்.

"ஆமா, கடையே போடப் போறேன். பங்குக்கு வர்றீங்களா?"

சிரித்தான். பல் மட்டும்.

(குவெண்டாவைக் கர்வக்காரியாக்கிப் பார்த்தேன். பொறாமைக்கு ஒரு நியாயம் கிடைக்குமே! ஒட்டவில்லை. கோப்பை வாங்கும்போதெல்லாம் அவர், 'டெனிஸ் சொல்லிக் குடுத்ததுதான்' என்றார். அதைத்தான் தாங்க முடியவில்லை.)

3

நேற்று, சனிக்கிழமை. திங்களன்று ஹெப்வொர்த் விதைக்கிறார். அப்புறம் அடுத்த அறுவடைவரை வயலில் யாரும் கால் வைக்க முடியாது.

குவெண்டா கையசைத்தார். சத்தம் குழப்பினால் பக்கத்திலிருப்பவரைக் கூப்பிட்டு, அவர் மிஷினையும் அந்த இடத்துக்கு மேலே இடவலமாக வீசிப் பார்க்கச் சொல்வது எங்கள் வழக்கம்.

"இங்க வாங்க டெனிஸ். உர்ருங்குது, நடுவுல ஒரு கீச்சு. உங்க மிஷினப் போட்டுப் பாருங்களேன்."

[குறிப்பு: வளைந்த ஆணியும் காசுபோலக் கீச்சிடும். ஆனால் சுற்றிவந்து வேறு பக்கமிருந்து வீசினால், பெரும்பாலும் அந்தக் கீச்சு நகரும், இல்லை காணாமல் போகும். ஆணிக்குப் பக்கத்தில் நிஜமாகவே காசு கிடந்தால், சத்தம் எவ்வளவு மெலிந்தாலும் அதே இடத்தில் நிற்கும். இதைக் கற்க டெனிஸுக்கு ஆறு வருடம் ஆனது. குவெண்டாவுக்குப் பிடிபடாதது இது ஒன்றுதான்.]

டெனிஸ் மெதுவாக வீசினான். உறுமல். கீச்சு. பக்கவாட்டில் போய் நின்று வீசினான். உறுமல். கீச்சு. அதே இடம்.

டெனிஸுக்கு அது விளங்கவில்லை. (பொய். அடித்துவிட்டேன்.)

டெனிஸ் ஒரு கணம் தடுமாறினான், மனிதன்தானே, யாருக்கும்... (இதையும்.)

"ஆணிதான், விடுங்க" என்றேன்.

'என்றான்' என்று எழுதியிருக்க வேண்டும். சரி, இனி எதற்கு? என்றேன்.

"நிச்சயமாவா?"

"எத்தன ஆணி பாத்திருக்கேன்!"

"அப்ப சரி. தோண்டி முதுக ஒடிச்சிக்க இருந்தேன், நல்ல வேள." தன் பன்றிக்கறி அடைத்த ரொட்டியைப் பாதியாக வெட்டி நீட்டினார். வாங்கித் தின்றேன்.

4

இன்று ஞாயிறு. மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) தனியாகப் போய்த் தோண்டுகிறேன். வெள்ளிக் காசு. கோப்பை எனக்கு. எல்லோருக்கும் முன்னால் குவெண்டா கை தட்டுகி... மேலே எழுத வரவில்லை.

ஆ) குவெண்டாவிடம் உண்மையைச் சொல்கிறேன். "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?" என்கிறார். எனக்கு வசனம் கிடைக்கவில்லை.

இ) தோண்டினால் ஆணியேதான் வருகிறது. இதை எழுதும்போது மனசு லேசானது. ஆனால் காசு என்று நம்பிக்கொண்டல்லவா ஆணி என்றேன்? மண்ணுக்குள் எது இருந்தாலும் என் பொய் பொய்தான்.

5

இந்த வரியில் போன் அடித்தது. குவெண்டா.

"வாத்தியாரே, கிளப்புல புதுசா ரெண்டு பேர் சேந்திருக்காங்க. சத்தம் சந்தேகமா இருந்தா யார நம்பிக் கேக்கலாம்னாங்க. யோசிக்காம உங்க பேரச் சொல்லிட்டேன். சரிதானே?"

போனைக் காதில் வைத்தபடியே இதை எழுதுகிறேன். "கேக்குதா?" என்கிறார். வயலில் இன்னும் மூன்று மணி நேரம் வெளிச்சம் இருக்கும். வாசகரே, ஒரு வாக்கியம் கொடுங்கள். எதுவானாலும் 'என்றேன்' என்றே முடிக்கிறேன்.