நேராகப் போக நாலு விளக்கு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதனால்தான் அண்ணன் என்னை மிளகாய் என்று கூப்பிடுவான். சுங்கச்சாவடியில் ஆறாம் லேன் பூத்தில் எட்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவளுக்குக் கோபம் வராமல் வேறென்ன வரும்? ஒருத்தன் இடது இண்டிகேட்டரைப் போட்டுவிட்டு வலது பக்கம் நுழைவான். இன்னொருத்தன் கையை வெளியே நீட்டுவான். திரும்பப் போகிறானா துப்பப் போகிறானா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

அண்ணன் லாரி ஓட்டுநர். இருபது வருஷம் ஓட்டியும் ஒரு தப்பு அவனை விட்டுப் போகவில்லை. நாலு இண்டிகேட்டரையும் சேர்த்து மினுக்கினால் நேராகப் போகிறேன் என்று அர்த்தமாம். அது ஆபத்துக்குப் போடுவது, வண்டி நகர முடியாமல் நின்றால் போடுவது என்று ஒருநாள் சாப்பிடும்போது சொல்லித் தொலைத்தேன்.

"இடது பக்கம் போனா இடது, வலது பக்கம் போனா வலது. நேரா போனா ரெண்டும். இதுல என்ன தப்பு மிளகா?" என்றான். அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

அதிலிருந்து வம்புக்கென்றே செய்ய ஆரம்பித்தான். வாரத்துக்கு இரண்டு தடவையாவது என் லேனுக்கு வருவான். முன்னால் வண்டிகள் போன பிறகும் நகராமல் நின்று நாலையும் மினுக்குவான். நான் பூத்திலிருந்து கையை ஓங்கியதும் பல்லைக் காட்டிக்கொண்டு வருவான். வெளியே திட்டினாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அப்படி இல்லை. முந்தின நாள்தான் என் லேனில் வண்டிகள் தேங்குகின்றன என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். காலை பதினொரு மணிக்கு அண்ணனின் லாரி வந்து நின்றது. முன்னால் இருந்த நாலு வண்டிகளும் போய்விட்டன. அவன் நகரவில்லை. நாலு விளக்கும் மினுக்கிக்கொண்டிருந்தன. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. கண்ணாடியில் வெயில் அடித்ததால் அவன் முகம் தெரியவில்லை. கையை ஓங்கினேன். வரவில்லை. இன்றைக்குமா உன் விளையாட்டு, இரு உன்னை வைத்துக்கொள்கிறேன் என்று லேன் சுவிட்சைத் தட்டினேன். கூரையில் பச்சை அம்புக்குறி அணைந்து சிவப்புப் பெருக்கல் குறி எரிந்தது. லேன் மூடியாயிற்று. சுற்றிக்கொண்டு வேறு லேனில் போகட்டும், அப்போதாவது புத்தி வரும் என்று நினைத்தேன்.

பின்னால் நின்றவர்கள் திட்டிக்கொண்டே ரிவர்ஸ் எடுத்துப் பக்கத்து லேன்களுக்குப் போனார்கள். லேன் திறந்தே இருந்திருந்தால் அவர்களில் ஒருவராவது பொறுமையிழந்து இறங்கிப்போய் அவன் கதவைத் தட்டியிருப்பார். நான் அத்தனை பேரையும் அனுப்பிவிட்டேன். அனுப்பிவிட்டு ஆற அமரத் தண்ணீர் குடித்தேன். மின்விசிறியை என் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஐந்தாம் லேன்காரி கண்ணாடியைத் தட்டி, உன் அண்ணன் ஏன் இன்னும் அங்கேயே நிற்கிறார் என்று கேட்டபோது பதினாலு நிமிஷம் ஆகியிருந்தது. லேன் மூடியிருந்த நேரம் கம்ப்யூட்டரில் பதிவாகும்.

என்ன சொல்லித் திட்டலாம் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். அவன் ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்து கிடந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மாரடைப்பு என்றார். பத்து நிமிஷம் முன்னால் கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார்.

மறுநாள் சூப்பர்வைசர் ஒரு படிவத்தை நீட்டினார். அதில் ஒரு கேள்வி, ஓட்டுநர் ஏதேனும் சமிக்ஞை செய்தாரா? இல்லை என்று எழுதிவிடு, உனக்கும் நல்லது எங்களுக்கும் நல்லது என்றார். எழுதினேன். வேலைக்குப் பயந்து அல்ல. அப்பா அம்மா போன பிறகு எனக்கென்று இருப்பது அண்ணன் வீட்டின் பின்னறையும், ஷிப்ட் முடிந்து வரும்வரை சாப்பிடாமல் காத்திருக்கும் அண்ணியும்தான். அவளும் என்னை வெறுத்துவிட்டால் நான் எங்கே போவேன்? அதனால் அவளிடமும் அதையே சொன்னேன். திடீரென்று ஆகிவிட்டது, ஒரு சைகை காட்டக்கூட நேரமில்லை என்றேன். அவருக்கு ஒன்றுமே தெரியாமல் போயிருக்கும் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லி அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். வெட்கங்கெட்ட ஜென்மம்.

ஒரு மாதம் கழித்து லாரி ஓனர் அண்ணனின் சாமான்களைக் கொண்டுவந்து கொடுத்தார். ஒரு போர்வை, தண்ணீர் கேன், மூக்குக்கண்ணாடி. அவர் போன பிறகு அண்ணி என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வண்டியை எடுக்கப் போனப்ப பேட்டரி இறங்கிக் கிடந்துச்சாம். நாலு லைட்டும் சாயங்காலம் வரைக்கும் எரிஞ்சிருக்கு, யாரும் அணைக்கலையாம்."

அண்ணியே தொடர்ந்தாள்.

"அவருக்குத்தான் அந்தக் கிறுக்குப் பழக்கம் உண்டே. நேரா போறேன்னுதான் போட்டிருப்பார், இல்ல?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளே அந்த வார்த்தையை என் வாயில் எடுத்து வைத்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அவன் தப்பைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. அதைப் பார்த்த பிறகு என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை.

"இல்ல அண்ணி. என்னைத்தான் கூப்பிட்டிருக்கான். நான் பார்த்தேன். விளையாடுறான்னு நினைச்சு லேனை மூடிட்டேன்."

அண்ணி வெகுநேரம் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எடுத்துக் கட்டில்மேல் வைத்தாள்.

"எவ்வளவு நேரம் கூப்பிட்டார்?"

"பதினாலு நிமிஷம்."