நாலரை மணி நேர வெயில்

பல் டாக்டர் அதைச் சொன்னபோது தையல்கடை மாஸ்டர் வாயைப் பிளந்துகொண்டுதான் இருந்தார். ஆச்சரியத்தால் அல்ல, கடைவாய்ப் பல்லுக்காகப் பத்து நிமிடம் முன்பே பிளக்கச் சொல்லியிருந்தார்கள். ஊசி போட்டதில் பாதி முகம் மரத்துப்போய், கீழ் உதடு இரவல் வாங்கியது போலத் தொங்கிக்கொண்டிருந்தது. கன்னத்துக்குள் பஞ்சு. நாக்கோரம் எச்சில் உறிஞ்சும் குழாய்.

"உங்க கொல்லைக்குள்ள நீட்டற எங்க மரத்துக் கிளையை நான் எப்பவோ எடுத்திருப்பேன் மாஸ்டர். உங்க வீட்டம்மாதான் வேண்டவே வேண்டாம்னுட்டாங்க. வருஷா வருஷம் கேக்கறேன், அப்படியே இருக்கட்டும்பாங்க. நாளைக்கு ஆள் வரான், முன்பக்கம் கழிக்க. இப்பவாவது எடுத்துடவா?"

"ஆ" என்றார் மாஸ்டர். அது கேள்வியா, வலியா என்று அவருக்கே தெரியவில்லை. டாக்டர் சம்மதமாக எடுத்துக்கொண்டு பல்லைப் பிடித்து ஆட்டினார். எதிராளி பதில் சொல்ல முடியாத நிலையில் பேசியே பழகிய தொழில்.

மாஸ்டருக்கு அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியே அந்நிய மண்தான். மூன்று வருஷத்துக்கு முன் இதே டாக்டருக்கு ஒரு பேன்ட் தைத்துக் கொடுத்தார். ஒரு கால் குட்டையாக இருப்பதாக டாக்டர் திருப்பிக் கொண்டுவந்தார். மாஸ்டர் நாடாவால் அளந்து பார்த்துவிட்டு, குறை பேன்டில் இல்லை, உள்ளே போகிற காலில்தான் என்று நாலு வாடிக்கையாளர் முன்னிலையில் தீர்ப்பு சொன்னார். அன்றோடு பேச்சு நின்றது. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு மதில், அதன் மேலே டாக்டர் வீட்டு மரத்தின் ஒரு கிளை, இரண்டுக்கும் இடையே தூது போக மாஸ்டரின் மனைவி. ஏற்பாடு நன்றாகத்தான் நடந்தது. பல்வலிக்கு மட்டும் ரோஷம் கிடையாது.

அந்தக் கிளைதான் மாஸ்டரின் வாழ்க்கைப் பிரச்சினை. கொல்லையில் பதினான்கடிக்குப் பதினோரடி மண் இருந்தது. அதில் ஒரே ஒரு தக்காளி, தன் கையால், சிவக்கச் சிவக்கப் பறித்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. தக்காளிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும் என்று எங்கேயோ படித்தார். சட்டைத்துணியில் கோடு போடும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு, ஒரு ஞாயிறு முழுக்க, மணிக்கொரு தரம் மதிலிலும் தரையிலும் நிழலின் ஓரத்தைக் கோடு போட்டார். அளவு நோட்டில் 'தோள்', 'இடுப்பு', 'உயரம்' என்று அச்சடித்திருந்த கட்டங்களில் நிழலின் அளவுகளை எழுதினார். கடைசியில் கூட்டிப் பார்த்தால், கொல்லையிலேயே அதிகம் வெயில் விழும் இடத்தில் நாலரை மணி நேரம். மிச்ச ஒன்றரை மணி நேரத்தை இரண்டு மணிக்கு மேல் அந்தக் கிளை தின்றுகொண்டிருந்தது.

அரை நிழலில் கீரை வந்தது, புதினா வந்தது, முள்ளங்கிகூட வந்தது. வந்தவற்றின் மேல் அவருக்கு மரியாதை இல்லை. தக்காளிச் செடி மட்டும் வெளிச்சத்தைத் தேடி நெடுநெடுவென்று வளர்ந்து, பூத்து, பூவை உதிர்த்துவிட்டு, வேலை முடிந்தது போல நின்றது. மதிலுக்கு வெள்ளையடித்துப் பார்த்தார். பழைய தையல் மெஷின் ஸ்டாண்டுக்குச் சக்கரம் மாட்டி, அதன் மேல் பெயின்ட் டப்பாவில் செடியை வைத்து, வெயில் போகிற இடமெல்லாம் தள்ளிக்கொண்டு போனார். சாப்பாட்டு நேரத்தில் கடையைப் பூட்டிவிட்டுச் செடியை உலாத்த வருகிற ஆள் என்று தெருவில் பெயர் வந்ததுதான் மிச்சம்.

ஆகவே தூது. மனைவி மதிலோரம் போய்ப் பேசிவிட்டு வருவாள். முதல் வருஷம், கிளையை வெட்டினால் மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுமாம். இரண்டாம் வருஷம், கிளைப் பொந்தில் அணில் மூன்று குட்டி போட்டிருக்கிறதாம், ஒரு குட்டிக்குப் பின்னங்கால் சரியில்லையாம். இதைக் கேட்டு மாஸ்டர் இளகிவிட்டார். தக்காளியை அந்த வருஷம் தள்ளிவைத்து, மதில் மேல் தினம் கடலை வைத்தார். ராத்திரி சாப்பிடும்போது நொண்டிக்குட்டி எப்படி இருக்கிறது என்று விசாரிப்பார். இன்றைக்குக் கொஞ்சம் தேவலை என்பாள் அவள். மூன்றாம் வருஷம், டாக்டருக்கே மனசில்லையாம். அந்த ஆளுக்கு நெஞ்சில் இருப்பது கல்தான் என்று மாஸ்டர் சட்டை அளவெடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிவந்தார். அப்போது அவர்கள் கையைத் தூக்கி நிற்பதால் மறுத்துப் பேச வசதிப்படாது.

பல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மனைவி பின்னறை ஜன்னலோரம் உட்கார்ந்து, கடைச் சட்டைகளின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தாள். உடனே கோபப்பட முடியவில்லை. கோபப்பட உதடு வேண்டும். அவள் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள், அது ஒரு பக்கமாக வழிந்தது, துடைத்துவிட்டாள். துடைக்கிற கைதான் பொய் சொன்ன ஆளுடையது என்பது அவருக்கு விசித்திரமாக இருந்தது. கிளை போனால் போகட்டும், இருந்தால் இருக்கட்டும். கிளையை வெட்டவிடாதது இவள்தான் என்று மூன்று வருஷமாகப் பக்கத்து வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. செடியைத் தள்ளிக்கொண்டு தான் அலைந்ததை மதிலுக்கு அந்தப் பக்கம் டாக்டர் என்னவென்று நினைத்துப் பார்த்திருப்பார்? இந்தப் பக்கம் இவள்?

உதடு திரும்பி வந்ததும் முதலில் வந்தது, அவர் ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் இல்லை.

"அந்த நொண்டிக்குட்டி?"

அவள் ஊசியை நிறுத்தினாள். நிமிரவில்லை.

"குட்டியே இல்லைங்க."

"கடலையெல்லாம் யாரு தின்னது?"

"காக்கா."

அவள் ஊசியாலேயே ஜன்னலைக் காட்டினாள்.

"இந்த ஜன்னல்ல ரெண்டு மணிக்கு மேல வெயில் எப்படி இறங்கும்னு தெரியுமா உங்களுக்கு? அந்தக் கிளை இருக்கறதாலதான் நான் உக்காந்து நூல் கோக்கறேன். ஒரு நாளைக்கு அறுபது காஜா. தோட்டம் பூரா அளவெடுத்தீங்க. இந்த ஒரு ஜன்னலுக்கு எடுக்கலையே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேன். மொத நாளே சொன்னேன். தக்காளிக்கு ஆறு மணி நேரம் வேணும்னு சொன்னீங்க."

மாஸ்டர் அந்த முதல் நாளைத் தேடிப் பார்த்தார். சாக்கட்டி நினைவிருந்தது, கோடுகள் நினைவிருந்தன, எந்தக் கட்டத்தில் எந்த அளவு என்பதுகூட நினைவிருந்தது. அவள் குரல் மட்டும் அதில் எங்குமே இல்லை. அவள் அதையும் இட்டுக்கட்டிச் சொல்கிறாளோ என்று தோன்றியது. அணிலுக்குக் கால் வைத்து, அந்தக் காலை ஊனமாக்கி, தினம் ராத்திரி கொஞ்சம் தேவலையாக்கத் தெரிந்தவளுக்கு இது ஒரு வேலையா? இனி அவள் சொல்கிற எதையும் இப்படித்தான் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தபோது, பல் இருந்த இடம் விண்ணென்று தெறித்தது.

"முடியாதுன்னு சண்டை போட்டிருக்கலாம். அணிலை எதுக்கு இழுத்த?"

"சண்டை போட்டா நீங்க ஜெயிப்பீங்க."

காலையில் மரம் கழிக்கிறவன் மதிலில் கால் வைத்து ஏறி, கிளையின் கவட்டில் உட்கார்ந்துகொண்டான். இடுப்பில் அரிவாள், தோளில் கயிறு. மாஸ்டர் கீரைப் பாத்தியின் இந்த ஓரம் நின்றார். மனைவி அந்த ஓரம், விரலில் ஊசி குத்தாமல் மாட்டும் அங்குஸ்தானோடு, வேலைக்கு நடுவில் எழுந்து வந்தவளாக நின்றாள்.

"டாக்டர் சொன்ன கிளை இதுதானே?" என்றான் அவன். கயிற்றின் ஒரு முனையைக் கிளையில் கட்டிவிட்டு மறு முனையைக் கீழே விட்டான். "யாராச்சும் ஒருத்தர் இழுத்துப் பிடிங்க. இல்லேன்னா கீரை மேலதான் வந்து விழும். வேண்டாம்னா அதையாவது சொல்லுங்க, முன்பக்கம் வேலை கெடக்கு."

மாஸ்டர், பழக்கதோஷத்தில், அவனிடம் சொல்லச் சொல்லி மனைவியைப் பார்த்தார்.

"நான் இனிமே யார்கிட்டயும் போயி எதையும் சொல்றதா இல்லைங்க" என்றாள் அவள்.

மேலே அவன் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். கயிற்று முனை பாத்தியின் நடுவில், இருவரும் கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில், கீரைத் தலைகளை இங்கும் அங்கும் தடவியபடி ஆடிக்கொண்டிருந்தது.